தானாக ரீஸ்டார்ட் செய்யும் ஸ்கிரிப்ட் எழுதி நான் மாட்டிக்கொண்ட கதை

2024 தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் எழுதிய இருபது வரி ஸ்கிரிப்ட் ஒன்று ஒரு பலகாரக் கடையின் ஆன்லைன் விற்பனையை நிமிடத்துக்கு ஒரு தடவை கொன்று கொன்று எழுப்பிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம். சர்வர் மந்தமானால் அதுவே ரீஸ்டார்ட் ஆகிக்கொள்ளட்டும், நான் கொஞ்சம் தூங்குகிறேன் என்று நினைத்து எழுதியதுதான். இந்த வேலையில் எனக்கு மேலே கேட்க ஆளில்லை, பக்கத்திலும் ஆளில்லை. எல்லாவற்றையும் அடிபட்டே கற்றுக்கொண்டேன். என்னைப் போல ஒற்றை ஆளாக ஏதோ ஒரு கடைக்கோ பள்ளிக்கோ சர்வர் பார்த்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

கடை தென்மாவட்டத்தில் ஒரு சின்ன டவுனில் இருக்கிறது. உரிமையாளரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். காராச்சேவு, மிக்சர், அல்வா, பால்கோவா. வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் அங்கிருந்தே ஆர்டர் போட்டால் கூரியரில் போய்ச் சேரும். அதற்கான அப்ளிகேஷனை நான்தான் எழுதினேன். ஜாவா மொழி, அதில் ஸ்பிரிங் பூட் என்கிற கட்டமைப்பு, அதே மெஷினில் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ், முன்னால் வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அனுப்ப எஞ்சின்எக்ஸ், எல்லாம் சேர்ந்து 4 ஜிபி நினைவகம் உள்ள ஒரு வாடகை சர்வரில். ஒன்றரை வருடம் ஒரு குறையும் இல்லை. செப்டம்பர் நடுவில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு அண்ணாச்சி போன் பண்ணினார். “தம்பி, பக்கம் சுத்திக்கிட்டே இருக்குன்னு சொல்லுதாவ. கொஞ்சம் பாருங்க.” பார்த்தேன், சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ரீஸ்டார்ட் செய்தேன், பறந்தது. ஏதோ ஒருநாள் கோளாறு என்று படுத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி. அப்புறம் தினமும். அப்புறம் சில நாள் இரண்டு தடவை. இரவு ஒரு மணிக்கு எழுந்து, இருட்டில் லேப்டாப்பைத் திறந்து, ரீஸ்டார்ட் தட்டிவிட்டுப் படுப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. “பாப்பா அழுதப்போ ஒரு நாளாச்சும் இப்படி எந்திரிச்சிருக்கீங்களா?” என்று என் மனைவி கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. அத்தனை தடவை எழுந்தேனே, ஒரு தடவைகூட ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கவில்லை. ரீஸ்டார்ட் அடித்த நொடியிலேயே தடயம் அத்தனையும் அழிந்துவிடுகிறது. கொலை நடந்த இடத்தைக் கழுவிவிட்டுவிட்டுப் பிறகு துப்புத் தேடுவதுபோல, மறுநாள் காலையில், சர்வர் எழுதி வைக்கும் நடப்புக் குறிப்பான லாக்கைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அதில் ஒன்றும் இருக்காது.

லினக்ஸில் அப்ளிகேஷன்களைக் கிளப்பி நிறுத்துகிற சிஸ்டம்டி பார்த்துக்கொள்ளும் என்பதுதான் முதலில் என் நம்பிக்கை. சர்வீஸ் ஃபைலில் ‘ரீஸ்டார்ட்=ஆல்வேஸ்’ என்று போட்டுத்தான் வைத்திருந்தேன். ஆனால் அது செத்தவனை எழுப்பும், மயங்கிக் கிடப்பவனைத் தொடாது. பிராசஸ் உயிரோடு இருக்கிற வரையில் சிஸ்டம்டிக்கு எல்லாம் சுகம். ஸ்டேட்டஸ் கேட்டால் பச்சைப் புள்ளியோடு ‘ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று வரும், பக்கத்து ஜன்னலில் பிரவுசர் சுற்றிக்கொண்டிருக்கும். சிஸ்டம்டியிலேயே வாட்ச்டாக் என்று ஒரு வசதி உண்டு. குறித்த இடைவெளிக்குள் அப்ளிகேஷன் ‘இருக்கிறேன்’ என்று குரல் கொடுக்காவிட்டால் அதைக் கொன்றுவிடும். ஆனால் குரல் கொடுக்கும் நிரலை நாம்தான் அப்ளிகேஷனுக்குள் எழுத வேண்டும். எனக்கு அப்போது அதற்குப் பொறுமை இல்லை.

ஆகவே, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுகிற கிரானில் ஒரு ஸ்கிரிப்ட். நிமிடத்துக்கு ஒருமுறை கர்ல் என்கிற கமாண்டை வைத்து முகப்புப் பக்கத்தைக் கூப்பிடு, ஐந்து நொடியில் பதில் வராவிட்டால் ரீஸ்டார்ட் செய். கையால் ஓட்டினால் வேலை செய்தது, கிரானில் போட்டால் செய்யவில்லை. கிரானுக்கு நம் டெர்மினலில் இருக்கிற பாத் (கமாண்டுகளை எங்கே தேடுவது என்ற பட்டியல்) கிடையாது, கமாண்டுகளை முழுப் பாதையோடு எழுத வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு மாலை போயிற்று. அதைச் சரிசெய்த அன்று இரவே அண்ணாச்சி போன். பக்கம் சுற்றுகிறது, ஸ்கிரிப்ட் சும்மா இருக்கிறது. காரணம் வெட்கக்கேடானது. முகப்புப் பக்கத்தை எஞ்சின்எக்ஸ் தன் கேஷிலிருந்தே, அதாவது முன்பே எடுத்து வைத்த நகலிலிருந்தே, எடுத்துக் கொடுத்துவிடும்படி நானேதான் வைத்திருந்தேன். உள்ளே அப்ளிகேஷன் திணறிக்கொண்டிருக்க, வாசலில் காவல்காரன் ‘எல்லாரும் நலம்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். எதைச் சோதிக்கிறீர்களோ, அது உண்மையில் எந்த வழியாக வருகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எஞ்சின்எக்ஸைக் கேட்காமல் அப்ளிகேஷனின் போர்ட்டையே, அதாவது அதன் சொந்த வாசலையே, நேராகக் கேட்பது நல்லது. கர்ல் பிழை எண்ணாக 7 என்று திருப்பினால் கதவே திறக்கவில்லை, 28 என்றால் கதவு திறந்தும் நேரத்துக்குப் பதில் வரவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு நோய், லாக்கில் எண்ணோடு எழுதி வையுங்கள்.

முகவரியை மாற்றி ஆர்டர் பக்கத்தைக் கேட்கச் சொன்னேன். நான்கு இரவு தூங்கினேன். ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த அந்தத் தூக்கத்தின் சுகத்தில், நோயைக் குணப்படுத்திவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு. தங்கை மகனுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. கோயில் ஒரு கண்மாய்க்கரையில், போனில் ஒரு கோடுகூட சிக்னல் இல்லை. ஸ்கிரிப்ட் இருக்கிறதே என்ற தைரியம். அண்ணாச்சி காலை பதினொரு மணிக்குத் தீபாவளித் தள்ளுபடியை வாட்ஸ்அப் குழுக்களில் விட்டிருக்கிறார். ஒரு கூப்பன் வார்த்தையும் அதில் இருந்தது. கூட்டம் வந்தது. பக்கம் திறக்க ஆறு நொடி, ஏழு நொடி ஆனது. ஆறு நொடியில் திறக்கிற கடை மந்தமான கடைதானே ஒழிய மூடிய கடை இல்லை. ஆனால் என் ஸ்கிரிப்டுக்கு ஐந்து நொடி தாண்டினால் சாவு. 11.07-க்கு முதல் ரீஸ்டார்ட். இந்த அப்ளிகேஷன் முழுசாக எழுந்து நிற்க நாற்பத்தைந்து நொடி ஆகும். எழுந்து, அப்போதுதான் கண் விழித்துக்கொண்டிருக்கும்போது, காத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ரெஃப்ரெஷ் அடிக்கிறார்கள். அடுத்த நிமிடம் கிரான் வந்து கதவைத் தட்டுகிறது, பதில் தாமதம், மறுபடி கொலை. நிமிடத்துக்குப் பத்து நொடிதான் கடை திறந்திருந்தது. இப்படி 12.40 வரை. சிஸ்டம்டியில் இதற்கு ஒரு தடுப்பு உண்டுதான், பத்து நொடிக்குள் ஐந்து முறைக்கு மேல் கிளப்பினால் நிறுத்திவிடும். என்னுடையது நிமிடத்துக்கு ஒன்று என்பதால் அந்த வலையில் சிக்கவே இல்லை.

பந்தி முடிந்து மெயின் ரோட்டுக்கு வந்ததும் போன் துள்ளியது. தவறிய அழைப்புகள் பத்தொன்பது. வேனுக்குள் உட்கார்ந்து போனிலிருந்தே சர்வருக்குள் போய் கிரான் வரியை அழித்தேன். கை நடுங்கியது, இரண்டு முறை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்தேன். அண்ணாச்சி கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “தம்பி, காசு போயிட்டுங்காவ, ஆர்டர் வரலையே. நான் என்ன சொல்லட்டும்?” என்று மெதுவாகத்தான் கேட்டார்.

அதுதான் பெரிய அடி. அந்தப் பத்து நொடி ஜன்னலில் உள்ளே வந்து, பொருளைக் கூடையில் போட்டு, யுபிஐயில் பணம் கட்டிவிட்டுத் திரும்பியவர்களுக்கு இந்தப் பக்கம் ஆளே இல்லை. கூடையை நான் மெமரியில் வைத்திருந்தேன், ரீஸ்டார்ட்டில் அது போச்சு. ஆர்டரைப் பணம் வந்த பிறகுதான் டேட்டாபேஸில் எழுதும்படி வைத்திருந்தேன், அதுவும் போச்சு. பணத்தை வாங்கித் தருகிற பேமெண்ட் கேட்வே தன் பங்குக்குத் திரும்பத் திரும்ப ‘பணம் வந்துவிட்டது’ என்று தகவல் அனுப்பியிருக்கிறது. என் நிரல் ‘எந்த ஆர்டர்?’ என்று தேடிப் பார்த்துவிட்டுப் பிழை சொல்லியிருக்கிறது. மொத்தம் 57 பேர், 61,340 ரூபாய். கேட்வே கணக்கையும் போன் நம்பர்களையும் வைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என்ன ஆர்டர் போட்டீர்கள் என்று கேட்க மூன்று நாள் ஆயிற்று. அண்ணாச்சி எல்லோருக்கும் அரை கிலோ மிக்சர் கூடுதலாக வைத்து அனுப்பினார். அந்தச் செலவையும் சேர்த்து, நான் அந்த வருடப் பராமரிப்புக் கட்டணம் 18,000 ரூபாயை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை, எனக்கு வாங்க முகமில்லை.

லாக்கைப் படிக்கும்போது ஒரு கூத்து. சர்வர் நேரம் உலக நேரத்தில் இருந்தது. 11.07-க்கு நடந்தது லாக்கில் 5.37. விடியற்காலையில் யார் ஆர்டர் போட்டது என்று அரை மணி நேரம் குழம்பினேன். வாடகை சர்வர் வாங்கியதும் நேர மண்டலம் என்ன என்று பார்த்துவிடுங்கள், ஐந்தரை மணி நேர வித்தியாசம் பதற்றத்தில் மூளைக்கு எட்டாது.

திங்கள் இரவு வேண்டுமென்றே விழித்திருந்தேன். பக்கம் மந்தமாகும்வரை காத்திருந்து, ரீஸ்டார்ட் செய்யாமல், ஜேஸ்டாக் கமாண்டில் த்ரெட் டம்ப் எடுத்தேன். உள்ளே வேலை பார்க்கிற ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும் படம் அது. அப்ளிகேஷன் எந்த யூசரில் ஓடுகிறதோ அந்த யூசராகவே எடுக்க வேண்டும், இல்லையென்றால் முரண்டு பிடிக்கும். ஐந்து நொடி இடைவெளியில் மூன்று டம்ப். ஒன்றில் இருப்பது தற்செயலாக இருக்கலாம், மூன்றிலும் ஒரே இடத்தில் நிற்கிறவன்தான் மாட்டிக்கொண்டவன். வருகிறவர்களைக் கவனிக்கிற டாம்கேட் த்ரெட்டுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே வரியில் நின்றன. டேட்டாபேஸ் கனெக்‌ஷன் கேட்டு வரிசையில். டேட்டாபேஸுக்கான இணைப்புகளைத் திறந்து வைத்துக் கேட்கிறவர்களுக்குக் கடன் கொடுக்கிற ஹிகாரி என்கிற கனெக்‌ஷன் பூல், நாம் மாற்றாவிட்டால் பத்து கனெக்‌ஷன்தான் வைத்திருக்கும். கிடைக்காதவன் முப்பது நொடி காத்திருந்துவிட்டுப் பிழையோடு திரும்புவான். அந்தப் பத்தும் எங்கே போயின? ஹிகாரியில் கசிவைக் காட்டிக்கொடுக்கும் ஒரு அமைப்பு உண்டு, வழக்கமாக அணைந்தே இருக்கும். அதை இருபது நொடிக்கு வைத்தேன். ஒருவன் கனெக்‌ஷனை இருபது நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால், அவன் எந்த வரியில் வாங்கினான் என்று லாக்கில் எழுதிவிடும். ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டது. நான் செப்டம்பரில் புதிதாகச் சேர்த்த கூப்பன் சரிபார்க்கும் நிரல். கூப்பன் சரியாக இருந்தால் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுக்கும். தப்பாக இருந்தால் ‘செல்லாது’ என்று சொல்லிவிட்டு, கொடுக்காமலே வெளியேறும்.

கடையில் பத்துத் தராசு இருக்கிறது, கூப்பனைத் தப்பாக அடிக்கிற ஒவ்வொருவரும் ஒரு தராசைக் கையோடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாகும், எட்டாகும், யாருக்கும் தெரியாது. இரண்டு தராசில் கூட்டம் சமாளிக்கும்போதுதான் ‘மந்தம்’ என்று போன் வரும். ரீஸ்டார்ட் செய்தால் பத்தும் திரும்பி வந்துவிடும். அதனால்தான் அது செத்தும் சாகாமல், நாளுக்கு ஒன்றிரண்டு முறை படுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. கூப்பன் வார்த்தை தீபாவளி, ஆங்கில எழுத்தில். ஆங்கில எழுத்தில் தீபாவளியை நம்மவர்கள் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு ‘ஈ’யா இரண்டா, ‘வி’யா ‘டபிள்யூ’வா, சிலர் திவாலி என்றே அடித்திருந்தார்கள். பத்துத் தப்புக்கு ஒரு தடவை கடை மூடும். திருத்தம் மூன்று வரி. கனெக்‌ஷனை ட்ரை வித் ரிசோர்சஸ் என்கிற எழுத்து முறைக்குள் வாங்கினால், எந்த வழியில் வெளியேறினாலும் ஜாவாவே திருப்பிக் கொடுத்துவிடும். ஐந்து வாரத் தூக்கம் இந்த மூன்று வரிக்கு. அழுகை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை, லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய் நின்றேன்.

கசிவு அடைபட்டுவிட்டதே, இனி காவல் எதற்கு என்று விட்டுவிடவில்லை. வேறு ஏதாவது வரும். ஸ்கிரிப்டைத் திரும்ப எழுதினேன், இந்த முறை பயத்தோடு. சோதனைக்கென்றே அப்ளிகேஷனில் தனியாக ஒரு முகவரி. அது பூலிலிருந்து ஒரு கனெக்‌ஷன் வாங்கி, டேட்டாபேஸிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டு, திருப்பிக் கொடுத்துவிட்டு ‘சரி’ என்று சொல்லும். பேமெண்ட் கேட்வே, கூரியர் நிறுவனம் என்று வெளியாட்களை அதில் சேர்க்கவில்லை. அவர்கள் படுத்தால் என் சர்வரைக் கொல்வதில் என்ன நியாயம்? ஒரு தடவை தவறினால் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். தொடர்ந்து மூன்று தடவை தவறினால்தான் கை வைக்கும். ரீஸ்டார்ட் ஆன பிறகு மூன்று நிமிடம் அந்தப் பக்கமே போகாது. ஒரு மணி நேரத்தில் மூன்று ரீஸ்டார்ட்தான் கணக்கு, நான்காவது தேவைப்பட்டால் ஸ்கிரிப்ட் கையைக் கட்டிக்கொண்டு டெலிகிராமில் எனக்குக் கத்த வேண்டும். மூன்று முறை எழுப்பியும் எழாதவனை நான்காம் முறை எழுப்புவதில் பயனில்லை. முக்கியமாக, கொல்வதற்கு முன் டம்ப் எடுக்கும், லாக்கின் கடைசி 200 வரியையும் டேட்டாபேஸில் அப்போது ஓடுகிற கேள்விகளின் பட்டியலையும் ஒரு ஃபைலில் போட்டு வைக்கும். ஒரு ஓட்டம் முடியாமல் அடுத்தது தொடங்காதபடி எஃப்லாக் என்கிற பூட்டும் போட்டேன். முன்பு அது இல்லாமலே இருந்தது.

கொல்வதிலும் ஒரு மரியாதை வேண்டும். நிறுத்தச் சொன்னால் ஸ்பிரிங் பூட் கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் போகும்படி அமைக்கலாம், 2.3 பதிப்பிலிருந்தே உண்டு, நான் போடவில்லை. சிஸ்டம்டியும் தொண்ணூறு நொடி காத்திருந்துவிட்டுத்தான் பலவந்தமாகக் கொல்லும். ஆனால் உண்மையில் மாற வேண்டியது ஆர்டர் எழுதும் முறைதான். இப்போது பணம் கட்டும் பக்கத்துக்கு அனுப்புவதற்கு முன்பே ஆர்டர் ‘பணம் வரவில்லை’ என்ற நிலையில் டேட்டாபேஸில் எழுதப்பட்டுவிடும். கேட்வே ஒரே தகவலை இரண்டு முறை சொன்னாலும் ஒரு முறைதான் கணக்கில் ஏறும். இரவு பன்னிரண்டுக்கு கேட்வே கணக்கும் எங்கள் கணக்கும் தானாக ஒப்பிடப்படும். எந்த நொடியில் கொன்றாலும் ஆர்டர் தொலையாது என்றால்தான் தானாகக் கொல்லும் ஸ்கிரிப்டை விட்டுவைக்கலாம். நான் தலைகீழாகச் செய்திருந்தேன். இன்னொன்று, சர்வரே உறைந்துபோனால் அதற்குள் இருக்கிற கிரானும் உறைந்துபோகும். அதனால் வேறொரு மெஷினிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதை எட்டிப் பார்க்க ஆள் வைத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு ‘உயிரோடு இருக்கிறேன்’ என்று காவல்காரனே ஒரு செய்தி அனுப்புவான், அது வராத நாள் அவனைப் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு நண்பர் கேட்டார், இவ்வளவு எதற்கு, தினமும் விடிகாலை நான்கு மணிக்கு ஒரு ரீஸ்டார்ட் போட்டால் போதாதா? போயிங் 787 விமானத்துக்கே அப்படித்தானே சொன்னார்கள் என்றார். உண்மைதான். தொடர்ந்து 248 நாள் மின்சாரத்தை அணைக்காமல் வைத்திருந்தால் அதன் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் மின்சாரம் தருவதை நிறுத்திவிடலாம் என்று 2015-இல் அமெரிக்க விமானத் துறை அவ்வப்போது அணைத்துப் போடச் சொன்னது. ஆனால் அங்கே காரணம் என்னவென்று கண்டுபிடித்துவிட்டு, சாஃப்ட்வேர் திருத்தம் வரும்வரை செய்த ஏற்பாடு அது. காரணம் தெரியாமல் நான்கு மணி ரீஸ்டார்ட் போட்டிருந்தால் என் பத்துத் தராசும் தள்ளுபடி விட்ட அந்த ஞாயிறு பதினொன்றரைக்குள் எப்படியும் காலியாகியிருக்கும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் இரவு பத்தரைக்கு அண்ணாச்சியிடமிருந்து போன். வயிற்றைப் பிசைந்தது. பக்கம் வேகமாகத் திறக்கிறது, ஆர்டர்தான் ஏறவில்லை. காவல்காரன் ‘நலம்’ என்கிறான். டிஸ்க் நிறைந்திருந்தது. நிறைத்தது வேறு யாருமில்லை, நான்தான். த்ரெட் டம்போடு நிற்காமல், ஆர்வக்கோளாறில் ஒவ்வொரு சின்னத் தவறுக்கும் ஹீப் டம்பும் (ஜாவாவின் நினைவகம் முழுவதன் நகல்) எடுக்கச் சொல்லியிருந்தேன். ஒன்று ஒரு ஜிபி. அதை எடுக்கும்போது ஜாவா சில நொடி அப்படியே நின்றுவிடும் என்பது வேறு. டேட்டாபேஸுக்கு எழுத இடமில்லை, ஆனால் என் சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல இடம் தேவையில்லை, அதனால் சோதனை தேறிக்கொண்டே இருந்தது. பழையவற்றை அழித்து, ஹீப் டம்பை எடுத்துவிட்டு, டிஸ்க் எண்பது சதவீதம் தாண்டினால் எனக்குச் செய்தி வரும்படி வைத்தேன். பத்து நிமிட வேலை. திரும்பி வந்து படுத்தபோது மனைவி ஒன்றும் கேட்கவில்லை, பாப்பாவைத்தான் கொஞ்சம் நகர்த்திப் படுக்க வைத்தாள்.

2025 தீபாவளிக்குக் கூப்பன் என்ன வைக்கலாம் என்று அண்ணாச்சி கேட்டார். எழுத்தே வேண்டாம் அண்ணாச்சி, எண்ணாக வையுங்கள் என்றேன். 2025 என்று வைத்தார். முதல் நாள் மாலை ஆர்வத்தில் லாக்கைத் திறந்து பார்த்தேன். பதினாறு பேர் 2024 என்று அடித்திருந்தார்கள். தராசு பத்தும் கடையிலேயே இருந்தன.